பன்னிரண்டு முழத்துக்குக் கீழே ஒரு மருமகன்

அந்த வருடம் ஏப்ரல் மாதம் மொரித்தானியா முழுவதற்கும் ஒரே நேரத்தில் பைத்தியம் பிடித்தது. ஒருவனுக்குப் பிடித்தால் மருந்து கொடுக்கலாம். நாட்டுக்கே பிடித்தால் அதற்குப் பெயர் வளர்ச்சி. வடக்கே இன்ஷிரிப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறவன் ஒருவன் காலில் இடறிய கல்லைத் திட்டிக்கொண்டே எடுத்துப் பார்த்தானாம், தங்கமாம். மறுவாரம் தலைநகர் நுவாக்சோத்தில் காலையில் ரொட்டி கிடைக்கவில்லை. ரொட்டி சுடுகிறவர்கள் எல்லாரும் வடக்கே போயிருந்தார்கள். எங்கள் பேட்டைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர் போனார். பல் டாக்டர் ஒருவர் நோயாளியை வாய் திறக்கச் சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை என்று ஒரு பேச்சு. நான் அதை நம்புகிறேன்.

நான் பூகோள வாத்தியார், பெயர் இஸ்ஸெல்மு. பதினோரு வருடமாகக் கரும்பலகையில் நாட்டின் படம் வரைந்து, இன்ஷிரி இருக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தட்டி, இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொடுத்தவன். பரீட்சையில் அதற்கு இரண்டு மதிப்பெண் வேறு. அந்த 'ஒன்றும் இல்லை' திடீரென்று ரேடியோவில் எந்நேரமும் ஒலித்தது. முதல் வாரம், அங்கே தோண்டுவது குற்றம் என்றார்கள். இரண்டாவது வாரம், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தோண்டுவது தேசத்தொண்டு என்றார்கள். மூன்றாவது வாரம் சுத்திகரிப்பு ஆலை, புது ரயில் பாதை, விமான நிலையம் என்று பட்டியல் நீண்டது. இனி நாம் அண்டை நாடுகளுக்குக் கடன் கொடுக்கலாமா என்று நிபுணர் ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். விடுப்புக் கேட்கலாம் என்று தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. அவர் எனக்கு முன்பே போயிருந்தார்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றே ஒன்றுதான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பழைய பென்ஸ் காரை விற்று, தரையில் உலோகம் இருந்தால் 'கீங்' என்று கத்தும் கருவியை வாங்கி வந்தேன். என் மனைவி தெக்பெர் கருவியைப் பார்த்தாள், கார் நின்ற இடத்தைப் பார்த்தாள். அதை அவள் மேல் நீட்டிக் காட்டினேன், வளையல்களுக்கு அது 'கீங்' என்றது. சிரிப்பாள் என்று நினைத்தேன். மதியத்துக்குள் தன் துணிமணிகளோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்களில் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் கணவன் பரிசுப் பொருளோடு போய்க் கெஞ்சி அழைத்து வர வேண்டும். அதில் எனக்கு வெட்கம் இல்லை, நன்றாகவே கெஞ்சுவேன். வெட்கம் வேறு இடத்தில் இருந்தது. மருமகன் மாமனாரின் முகத்தில் விழிக்கக் கூடாது. அவர் முன்னால் உட்காரக் கூடாது, உண்ணக் கூடாது, வாய் திறக்கவே கூடாது. அவர் ஒரு தெருவில் வந்தால் நான் மறு தெருவில் நுழைய வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் என் மாமனாரை நான் பார்த்தது மூன்று முறை, மூன்று முறையும் முதுகு. குரல் என்று கேட்டது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல். அந்த மனிதரோ தன் வீட்டு வாசலிலேயே விடிந்ததிலிருந்து பாய் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் எந்த வழியாகப் போய்க் கெஞ்சுவது? இரண்டு நாள் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் தெக்பெரின் தம்பி செய்தி கொண்டுவந்தான். ரமலான் பிறை தெரிவதற்குள் நான் வராவிட்டால் அவள் மணவிலக்குக் கேட்பாள். அதற்குள் சுங்கத்துறை அதிகாரி ஒருவன், மூன்று விமான நிலையங்களின் வாசனைத் திரவியம் ஒரே நேரத்தில் பூசியவன், அவள் வீட்டு விருந்தில் இரண்டடிக் கவிதை படித்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் ஊரில் மணவிலக்கான பெண்ணுக்கு மவுசு அதிகம். விலக்குச் செய்தி வரும் முன்பே கவிதை வந்துவிடும்.

வெறுங்கையோடு போனால் அந்த வாசலைத் தாண்ட முடியாது, கையில் தங்கம் இருந்தால் மாமனாரே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துத் தெரு முடிதிருத்துகிறவன் கத்தாரியைச் சேர்த்துக்கொண்டு லாரி ஏறினேன்.

ஷாமி என்ற ஊரை அதற்கு முன் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நெடுஞ்சாலையில் அரசாங்கம் வரைபடத்தில் கட்டிய நகரம் அது: ஒரு பெட்ரோல் பங்க், ஓர் அலுவலகம், ஆள் வராத வீடுகள். நாங்கள் இறங்கியபோது நடக்க இடமில்லை. கல் அரைக்கும் எந்திரங்கள் ஊளையிட்டன. சூடானிலிருந்து வந்தவர்கள் மண்ணை நக்கிப் பார்த்துத் தங்கம் உண்டா இல்லையா என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். போன வாரம் எங்களை விரட்டியிருக்க வேண்டிய ஜெண்டார்ம் போலீஸ்காரன் சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அனுமதிச் சீட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் இரண்டு மதிப்பெண் பாலைவனம் கல்யாண வீடாகிக் கிடந்தது.

அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. எல்லாரும் வீட்டில் ஏதோ ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். காற்றும் புழுதியும் வீசுவதால் கண் மட்டும் தெரியும்படி தலைப்பாகையை முகத்தோடு சேர்த்துச் சுற்றியிருப்போம். கத்தாரிக்கு அங்கே ஒரு துணைத்தொழில் அமைந்தது. உடம்பு தேற ஒட்டகப் பால் குடிக்கப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்த பெரிய மனிதர்களுக்கு வீட்டிலிருந்து போன் வந்தால், இவன் பக்கத்தில் நின்று ஒட்டகம் மாதிரி கத்துவான். சம்பாத்தியம் மோசமில்லை.

முதல் வாரம் எங்கள் கருவி ஓயாமல் 'கீங்' என்றது. கிடைத்தவை: நாற்பது மத்தி மீன் டப்பா, பழைய சண்டையின் தோட்டாக்கள், எப்போதோ இந்த வழியாகப் போன பந்தயக் காரின் கதவுப் பிடி. தண்ணீரும் தீர்ந்தது. அப்போதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். தனியாக வந்திருந்தார். அவரிடம் கூடாரமும் இரண்டு பீப்பாய்த் தண்ணீரும் கயிறும் இருந்தன, கருவி இல்லை. எங்களிடம் கருவி இருந்தது, மற்ற எதுவும் இல்லை. அந்தப் பாலைவனத்தில் சம்பந்தம் இப்படித்தான் நிச்சயமாகும். அறுபதைத் தாண்டிய ஆள், தோள் மட்டும் நாற்பது வயதுக்காரனுடையது. நான் அவரைப் பெரியவரே என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார்.

இவ்வளவு சிரிக்கத் தெரிந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரே தட்டில் சோறு சாப்பிட்டோம், அப்போதும் முகத்துணிக்கு அடியில்தான் கவளம் போகும். சோற்றில் மணல் கடித்தால், விழுங்கிடு தம்பி, தங்கமா இருந்தாலும் இருக்கும் என்பார். ஒரு கதவுப் பிடியை வைத்துக்கொண்டு மீதிக் காரைத் தேடலாமா என்று அரைநாள் விவாதித்தோம். வரப்போகும் ரயிலுக்கு யார் மந்திரி, விமான நிலையத்துக்கு யார் பெயர் என்று பதவிகளைப் பங்கு போட்டோம். எனக்கு நிதி, அவருக்கு வெளியுறவு, கத்தாரிக்கு ஒட்டகத்துறை.

மூன்றாம் நாள் தேநீரின்போது அவரிடம் என் கதையை எல்லாம் கொட்டிவிட்டேன். மனைவியின் பெயரைச் சொல்லவில்லை, எங்களில் ஆண்கள் அதைச் சபையில் சொல்வதில்லை. மற்றதெல்லாம் சொன்னேன். சுங்க அதிகாரியின் கவிதையையும், மைத்துனன் எனக்குச் சொன்னது போலவே மூக்கால் படித்துக் காட்டினேன்:

மண்ணைத் தோண்டட்டும் வாத்தியார், மணல்தான் மிஞ்சும்;
பொன் இருக்கும் வீடு எதுவென்று எனக்கல்லவா தெரியும்.

பெரியவர் கையில் தேநீர்க் குவளை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, கவிதை ரொம்ப சுமார் என்றார். நான் மாமனாரிடம் வந்தேன். கஞ்சன் என்றேன். வாசலில் கஜானாவைக் காக்கிற பூதம் என்றேன். அந்த இருமலையும் இருமிக் காட்டினேன். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அப்படிப்பட்ட ஆளா? இன்னொரு தடவ இருமு, பாப்போம்.”

அதன்பின் தினமும் சாப்பாடு முடிந்ததும் என் மாமனாரைப் பற்றிக் கேட்பார். நானும் தினமும் புதிதாக ஏதாவது சேர்த்தேன். கற்பனைக்குக் காசா பணமா?

பத்தாம் நாளோ என்னவோ கருவி ஓரிடத்தில் விடாமல் கத்தியது. வெள்ளைக்கல் ஓடும் இடம். டப்பா இல்லை. தோண்டத் தொடங்கினோம். நான் கீழே, பெரியவர் மேலே கயிற்றில், கத்தாரி மண்ணை அள்ளிக் கொட்ட. ஒரு வாரத்தில் பன்னிரண்டு முழம் இறங்கினோம். ரமலானுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, கத்தாரி தண்ணீருக்காக ஷாமிக்குப் போயிருந்த ஒரு முற்பகல், என் உளி வெள்ளைக்கல்லைப் பிளந்தது. உள்ளே மஞ்சள். பேரீச்சங்கொட்டை அளவு ஒன்று கையோடு வந்தது. சுவரில் இன்னும் பட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. கடித்துப் பார்த்தேன், முத்தம் கொடுத்தேன், தலையில் வைத்தேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது மேலே பெரியவரின் போன் அடித்தது.

வழக்கமாகப் போன் வந்தால் நூறு தப்படி தள்ளிப் போய்விடுவார். அன்று கயிற்றில் கல் நிரம்பிய வாளி பாதி வழியில் தொங்கியது. இரண்டு கையும் கட்டுண்ட மனிதர் போனைத் தரையில் வைத்து ஒலிபெருக்கியைத் தட்டியிருக்கிறார்.

“வாப்பா, பால் குடிச்சு வயிறு தேறிச்சா?”

“தேறுது, தேறுது.”

“ஒட்டகச் சத்தமே கேக்கலையே?”

“மேயப் போயிருக்கு.”

“அந்த ஆளப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா வாப்பா? சுங்க ஆபீசரோட அம்மா நேத்தும் வந்து உக்காந்துட்டுப் போனாங்க. நான் எத்தன நாளுதான் தலைவலின்னு சொல்றது?”

அந்தக் குரலை எனக்கு எந்தக் குழிக்குள்ளும் தெரியும். கையிலிருந்த தங்கம் காலில் விழுந்தது. பதினேழு நாளாக நான் யாரோடு ஒரே தட்டில் கை நனைத்தேன், யாரிடம் யாரைப் பற்றி என்னவெல்லாம் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இருமல் வரைக்கும் வந்தது. அந்த அதிர்ச்சியில் நான் செய்தது உலகத்தில் எந்த மருமகனும் செய்யாதது. மாமனார் கேட்க மனைவியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

“தெக்பெர்.”

பாதி வழியில் தொங்கிய வாளி ஒரு சாண் சறுக்கி நின்றது.

“வாப்பா, யாரது? கெணத்துக்குள்ளருந்து யாரோ என் பேரச் சொல்ற மாதிரி இருக்கே.”

எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது, அதற்கும் பொருத்தமான இடத்தில்தான் நின்றேன். ஏற வேண்டுமானால் அவர்தான் இழுக்க வேண்டும். ஏறினால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவரோ முறைப்படி என்னை அறிந்த கணமே திரும்பிப் போய்விட வேண்டும், போனால் கயிறு போய்விடும். இப்படி ஒரு சிக்கலுக்கு எந்த மார்க்கப் பெரியவரும் தீர்ப்பு எழுதி வைக்கவில்லை. ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு அவர் பேசினார், என்னிடம் இல்லை, போனிடம்.

“தெக்பெர், நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லு. வாளியக் காலி பண்ணி மறுபடி எறக்கப் போறேன், கயித்த இடுப்புல கட்டிக்கச் சொல்லு, உன் வீட்டுக்காரர்கிட்ட.”

“அவரு எங்க இருக்காரு?”

“பன்னெண்டு மொழத்துக்குக் கீழ.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்தச் சிரிப்பு குழிக்குள் விழுந்து என் தலையில் கொட்டியது. பக்கத்துலதானே இருக்காரு, நீங்களே சொல்லுங்களேன் என்றாள். வெட்கம் என்று ஒன்று உண்டு என்றார் அவர். பிறகு அவள் எங்கள் நடுவில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கடத்தினாள். மேலிருப்பவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே கேட்டிருக்கும், ஆனாலும் அவள் சொல்லும்வரை கேட்காதவன் போல நின்றேன். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும், ஆனாலும் அவரும் காத்திருந்தார்.

“தெக்பெர், கயிறு புடிச்சிருக்கறவங்ககிட்ட சொல்லு. இத்தன நாள்ல நான் பேசினதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்குறேன்னு சொல்லு.”

“என்ன பேசினீங்க?”

மேலிருந்து பதில் வந்தது.

“ஒண்ணும் பேசல. ரெண்டு பேரும் மழை தண்ணி பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்னு சொல்லு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கவிதை அவர் வீட்டு விருந்தில்தான் படிக்கப்பட்டது. மூன்றாம் நாள் தேநீரிலேயே இவருக்கு நான் யார் என்று தெரியும். தெரிந்த அன்றே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. தெரியாதவர் போலவே இருந்து இரண்டு வாரம் என்னோடு சோறு சாப்பிட்டிருக்கிறார், தன்னைப் பற்றிய வசவைக் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

தங்கம் கிடைத்துவிட்டது என்று தெக்பெரிடம் சொன்னேன். அவள் குரல் மாறியது.

“தங்கம் வேணும்னு உங்கள யாரு கேட்டா? வந்து கூப்புடுங்கன்னுதானே சொல்லி அனுப்பினேன்.”

“வாசல்ல உக்காந்திருப்பாங்களே, நான் எப்படி வர்றது?”

“வாப்பா பத்தொம்பது நாளா வீட்லயே இல்ல. வாசல் தெறந்துதான் கெடந்துச்சு. தெனம் எட்டிப் பாத்தேன், நீங்கதான் வரல.”

மேலே இருமல் கேட்டது. இந்த முறை அது நிஜமாகவே அந்த இருமல்.

கயிறு இறங்கியது. காலடியில் கிடந்த தங்கத்தை எடுத்து மடியில் செருகி, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஆழக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஒட்டகம் கயிற்றோடு கிணற்றை விட்டு விலகி நடக்கும், அதுபோல அவர் கயிற்றைத் தோளில் போட்டு எனக்கு முதுகைக் காட்டி நடந்தார். நான் சுவரில் கால் ஊன்றி ஏறினேன். தலை வெளியே வந்தபோது கண் கூசும் வெயில், தூரத்தில் அந்த முதுகு. அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும், மூன்று முறை பார்த்திருக்கிறேன். நான் கரையேறி முடிச்சை அவிழ்த்தேன். கயிறு தளர்ந்ததும் அவர் அதைக் கீழே போட்டார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். திரும்பவில்லை. சாலைப் பக்கம் நடந்தார்.

அவர் அந்தக் குழியை எனக்கு விட்டுவிட்டுப் போகிறார் என்று புரிந்தது. பெரியவர் தோண்டிய இடத்தில் மருமகன் உட்கார்ந்து அள்ளுவதா? முறையில்லை. நான் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, மறு பக்கமாகச் சுற்றி, வேறொரு லாரி பிடித்தேன். மாலையில் தண்ணீரோடு வந்த கத்தாரி பார்த்தது ஒரு காலிக் கூடாரம், ஒரு குழி, அதன் அடியில் மஞ்சள் பட்டை. அவனுக்குப் பெண் கொடுத்தவர் அங்கே யாரும் இல்லை, ஆகவே இறங்கினான். இன்று ஷாமியில் அவனுக்கு ஏழு அரைவை எந்திரம். அனுமதிச் சீட்டுக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். சுத்திகரிப்பு ஆலை பற்றி ரேடியோவில் பேசுகிறான், ரயில் வரும் என்கிறான். அவன் ஒட்டகமாகக் கத்தியது நாட்டுக்குத் தெரியாது.

நான் மறுநாள் நண்பகலில் பேரீச்சங்கொட்டைத் தங்கத்தைத் துணியில் முடிந்துகொண்டு அந்த வாசலில் போய் நின்றேன். பாய் சுருட்டிக் கிடந்தது. தெக்பெர் நீல மேலாடையில் வந்தாள், மருதாணி அன்றுதான் இட்டிருந்தாள். கெஞ்சுவதற்கு ஏழு வாக்கியம் தயார் செய்திருந்தேன். இரண்டாவதிலேயே, போதும், வாப்பா வர்ற நேரம், சீக்கிரம் கெளம்புங்க என்று மூட்டையை என் கையில் திணித்தாள். தங்கத்தை வாங்கிப் பார்க்காமலே மூட்டைக்குள் செருகினாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வாடகைக் காரில் ஏறியதும் ஓட்டுகிறவனிடம் நாட்டின் வருங்காலம் பற்றி உரையாற்றத் தொடங்கிவிட்டேன்.

தெரு முனை திரும்பும்போது எதிரே இன்னொரு வாடகைக் கார் வந்து நின்றது. புழுதி படிந்த ஒரு மனிதர் இறங்கினார். அன்று தலைப்பாகையை முகத்தில் சுற்றியிருக்கவில்லை. வெள்ளைத் தாடி, அகலமான வாய், ஓட்டுகிறவனிடம் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை இறக்கிவிட்டுப் போகிறவனுக்கு அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கண்ணாடியை இறக்கி, பெரியவரே என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டால் போதும் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது.

நல்ல மருமகனாகக் கார் இருக்கையில் சரிந்து, தலைப்பாகையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதைப் பார்த்துத் தெக்பெர் சிரிக்கத் தொடங்கினாள். துணி நனைவதைக் கண்டதும் நிறுத்திவிட்டு, கார் அந்தத் தெருவைத் தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.